எவர்சில்வர் சொம்புக்கு என்ன கலர்?

எவர்சில்வர் பாத்திரத்தை வாட்டர்கலர்ல வரையணும்னா சில்வர் பெயிண்ட் தேடிப் போகாதீங்க, அது வேஸ்ட்டு. எங்க வீட்டு சொம்பு ஒண்ணு, கழுத்துக்குக் கீழ அம்மா பேரு வெட்டுனது, அதைத் தரையில வச்சு உத்துப் பாத்தா சொம்புக்குன்னு சொந்தமா ஒரு கலரே இல்லைங்க, ஒரு பக்கம் ஜன்னல் கம்பி வளைஞ்சு நெளிஞ்சு தெரியுது, வயித்துப் பக்கம் நான் போட்டிருந்த பச்சை சட்டை ஒரு கோடா இழுத்துக்கிட்டு நிக்குது, அடியில பூரா ரெட் ஆக்ஸைடு தரையோட செவப்பு. பேரு வெட்டுன புள்ளி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓரம் இருட்டு, மறு ஓரம் மினுக்குன்னு வெளிச்சம்! இத்தனை வருஷமா இதுலதான் தண்ணி குடிக்கிறோம், யாரு கவனிச்சா.

மினுக்குற எடத்துல எதுவும் பூசாம பேப்பரை அப்படியே விட்டுடணும். கிரேவுக்குக் கருப்பு வேணாம், அல்ட்ராமரின் ப்ளூவையும் பர்ண்ட் சியன்னாங்கிற செம்பழுப்புக் கலரையும் கலந்தாலே போதும்.

இத்தாலியில போலோன்யா ஊர்ல ஜார்ஜோ மொராண்டின்னு ஒருத்தர் (1890–1964), முக்கால்வாசி வாழ்க்கை பாட்டில், ஜாடி, டப்பா, இதையேதான் மாத்தி மாத்தி அடுக்கி வச்சு வரைஞ்சாரு, தங்கச்சிங்களோட இருந்த வீட்டுல படுக்கிற ரூமேதான் ஸ்டூடியோ. பளபளப்பு அவருக்கு ஆகாது. லேபிளைப் பிச்சுட்டு பாட்டிலுக்கே மேட்டா பெயிண்ட் அடிச்சுடுவாரு, தூசி படிஞ்சாலும் தொடைக்க மாட்டாரு. (நம்ம வீடா இருந்தா சபீனா போட்டுத் தேச்சிருப்பாங்க.) பெரிய ஆளுதான், ஆனா என் ஓட்டு பிரான்ஸ்ல இருந்த ஷார்டனுக்கு (1699–1779). அப்போ அங்க சாமி, ராஜா கதை வரையறவங்களுக்குத்தான் மவுசு, பாத்திரம் பண்டமெல்லாம் கடைசி வரிசை, அப்படியும் 1728ல ராயல் அகாடமிங்கிற அந்த ஊரு ஓவியர் சங்கம் இவரை சேத்துக்கிச்சு. தண்ணி புடிச்சு வைக்கிற செம்புத் தொட்டி ஒண்ணை வரைஞ்சிருக்காரு, இப்போ பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு, பழகித் தேஞ்ச செம்போட மங்கல் மினுக்கு அப்படியே இருக்கும், நெட்ல தேடிப் பாருங்க.

அடுத்து பித்தளை அண்டா வரையலாம்னு இருக்கேன், அதுக்கு யெல்லோ ஓக்கர் வாங்கணும், அப்புறம் புளி போட்டுத் தேச்ச அன்னிக்கே முடிச்சுடணும், விட்டா கருத்துடும்.