புரோட்டான் சாகுமா?

இயற்கையின் விசைகளையெல்லாம் ஒன்றாக்கப் பார்க்கும் ஒருங்கிணைந்த கோட்பாடு என்றாலே எல்லோரும் நேராக ஐன்ஸ்டைனுக்கும் ஸ்ட்ரிங் தியரிக்கும் போய்விடுகிறார்கள், எனக்கென்னவோ இந்தக் கதையில் பிடித்த இடம் சுரங்கங்கள்தான். 1974இல் இயற்பியலாளர்கள் ஹோவர்ட் ஜார்ஜியும் ஷெல்டன் கிளாஷோவும் ஈர்ப்பை விட்டுவிட்டு (அது எப்போதும் தனிக்கட்டை) மற்ற மூன்று விசைகளையும், அதாவது மின்காந்த விசையையும் அணுக்கருவுக்குள் செயல்படும் இரண்டு விசைகளையும், ஒரே கோட்பாட்டில் ஒன்றாக்கினார்கள். அது சரியென்றால் அணுக்கருவில் இருக்கும் புரோட்டானும் ஒருநாள் சிதைய வேண்டும், ஆனால் அதன் சராசரி ஆயுள் 1-க்குப் பின் 30 பூஜ்யம் போட்டாலும் போதாத ஆண்டுகள்.

அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? அதனால் எக்கச்சக்கமான புரோட்டான்களைக் குவித்துவைத்து, ஏதாவது ஒன்று செத்தாலும் போதும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கோலார் தங்கவயலில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் 140 டன் இரும்போடு. ஜப்பானின் காமியோகா சுரங்கத்தில் 3,000 டன் தண்ணீர்த் தொட்டியோடு. புரோட்டான் அசையவில்லை, ஆனால் 1987 பிப்ரவரியில் எங்கோ வெடித்த விண்மீனிலிருந்து வந்த, எதையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் பதினொன்று அந்தத் தொட்டியில் சிக்கின, அந்தச் சோதனையை நடத்திய கொஷிபாவுக்கு 2002இல் நோபல்!

அப்புறம் அதே காமியோகாவில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி, சுவரெங்கும் அரை மீட்டர் அகலக் கண்ணாடிக் குமிழ்கள், துகள்கள் தண்ணீரில் பாயும்போது எழும் மங்கலான ஒளியைப் பிடிக்க. 2001இல் ஒன்று உடைந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இருந்தது உடைய, அதிலிருந்து அடுத்தது என்று பாதிக்கு மேல் நொறுங்கிப்போனது. மனுஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான், இவர்கள் மறுபடி மாட்டினார்கள்.

இன்றுவரை உறுதியாக ஒரு சிதைவுகூட இல்லை, 1974 கோட்பாடு அதன் எளிய வடிவத்தில் காலி. இதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அழகான ஒரு கணக்கைத் தண்ணீர்த் தொட்டி வைத்துத் தள்ளுபடி செய்ய முடிகிறதே, அதுதானே இயற்பியல்? அடுத்து சுமார் 2,60,000 டன்னில் தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.