கைக்கு வேலை, மனத்துக்கு ஓய்வு

மே 6

வேலை முடிந்து வந்ததும் கைப்பேசியோடு சாய்ந்து கிடப்பதையே ஓய்வு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அலுவலகத்தில் கேட்ட சொற்களை மனம் திரும்பத் திரும்ப அசைபோட்டுக்கொண்டே இருப்பதால் களைப்பு நீங்குவதே இல்லை. கைகளுக்கு நுணுக்கமான ஒரு வேலையைக் கொடுத்தால் அந்த ஓட்டம் அடங்கும் என்று தோன்றியதால், மாட்டுத்தாவணி பூச்சந்தையில் உதிரி மல்லி வாங்கி வந்தேன்.

மே 7

பூக் கட்டக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அத்தை. வாழைநாரை நனைத்து, மொட்டுகளை இணை இணையாக எதிரெதிரே வைத்து, சுருக்குப் போட்டு இழுக்க வேண்டும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ உதிர்ந்துவிடும். “மெதுவா இழு தாயி, நார் தானா ஒக்காரும்” என்றார். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிமனாக இருப்பதால், பழகாத விரல்களையும் அது சற்றுப் பொறுத்துக்கொள்கிறது. யோசித்துச் செய்ய வேண்டிய அளவுக்கு இந்த வேலை கடினமில்லை; வேறெதையும் யோசிக்க விடும் அளவுக்கு எளிதுமில்லை. அதனால்தான் இது மருந்தாகிறது என்று உறுதியாக எண்ணுகிறேன்.

மே 9

மதியம் கோபம் தலைக்கேறியபோது, பானையிலிருந்து எடுத்த குளிர்ந்த நீரில் மூச்சை அடக்கிச் சில நொடிகள் முகத்தை அமிழ்த்தினேன். முகத்தின் நரம்புகள் அந்தக் குளிர்ச்சியை உணர்ந்ததும், மூளை, தன்னிலிருந்து இதயம் வரை செல்லும் வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பைக் குறைக்கிறது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

மே 12

மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தபடியே, வாயை மூடி வண்டு போல் ரீங்கரித்துக்கொண்டிருந்தேன். யோகப் பயிற்சியில் இதைப் பிராமரி என்பார்கள். ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு என்னும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு, அமைதியாக மூச்சுவிடும்போது வருவதைவிடச் சுமார் 15 மடங்கு என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் கண்டறிந்தார்கள். ஆயினும் மன அமைதிக்கு அந்த வாயுவைவிட, ரீங்காரத்தால் தானாகவே நீளும் வெளிமூச்சுதான் காரணம் என்பது என் எண்ணம். மூச்சை வெளிவிடும்போது இதயம் இயல்பாகவே சற்று மெதுவாகத் துடிக்கிறது.

மே 15

கவலைக்கென்றே மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கி, பகலில் எழும் கவலைகளை ஒரு வரியாகக் குறித்து அந்நேரத்துக்குத் தள்ளிவைக்கும் முறையை உளவியலாளர்கள் 1980களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். இன்று தொடங்கியிருக்கிறேன். உறங்கப் போகும் நேரத்தை ஒட்டி அந்த அரை மணியை வைக்கக் கூடாது என்பதால், விளக்கேற்றுவதற்கு முன்பாக வைத்துக்கொண்டேன்; விளக்கேற்றிய பிறகு பூக் கட்டும் நேரம்.