சென்னை–டெல்லி: பட்ஜெட் விமானமா, முழுச் சேவையா?

இந்தியாவின் பெரிய விமான நிறுவனங்களில் முழுச் சேவை (சாப்பாடு கட்டணத்துக்குள்ளேயே அடங்கியது) என்று சொல்ல இன்று மிஞ்சியிருப்பது ஏர் இந்தியா ஒன்றுதான். கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவுடன் இணைந்துவிட்டது. 2003இல் ஏர் டெக்கான் தொடங்கிவைத்த பட்ஜெட் பாணிதான் இப்போது நாட்டின் பொதுவழக்கம். அதனால் உள்நாட்டுப் பயணத்துக்கு டிக்கெட் தேடும்போது கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: இண்டிகோ போன்ற ஒன்றா, ஏர் இந்தியாவா? சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது?

சென்னை–டெல்லியையே எடுத்துக்கொள்வோம். சுமார் 1,760 கி.மீ., ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரப் பயணம். பட்ஜெட் விமானத்தில் 5,400, ஏர் இந்தியாவில் 6,200 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பட்ஜெட் டிக்கெட்டோடு ஜன்னலோர இருக்கைக்கு 300, சாப்பாட்டுக்கு 400 சேர்த்தால் 6,100 ஆகிவிடும். ஏர் இந்தியாவில் சாப்பாடு கட்டணத்துக்குள் அடக்கம். இருக்கைக்கு அங்கேயும் பணம் கேட்பார்கள். ஆக, வேளைச் சாப்பாட்டு நேரத்தில் பறப்பவருக்கு 800 ரூபாய் வித்தியாசம் உண்மையில் 400தான். வீட்டிலிருந்து இட்லிப் பொட்டலம் கொண்டுபோகிறவருக்கு அது முழுசாக 800. பாதுகாப்புச் சோதனையில் இட்லியையோ சப்பாத்தியையோ யாரும் தடுப்பதில்லை. காலி பாட்டிலைக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். பட்ஜெட் விமானத்திலும் குடிக்கத் தண்ணீர் கேட்டால் தருவார்கள்.

லக்கேஜ் விஷயத்தில் பலர் இன்னும் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். ‘ஏர் இந்தியா என்றால் 25 கிலோ’ என்ற காலம் போய்விட்டது. 2024 மே மாதம் அடிப்படைக் கட்டணத்துக்கான செக்-இன் எடையை 15 கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது இரண்டு பக்கமும் 15 கிலோதான், கையில் 7 கிலோதான். கூடுதல் எடை வேண்டுமென்றால் விலை கூடிய கட்டண வகையைப் பார்க்க வேண்டும். இண்டிகோவில் இன்னொரு நுணுக்கம்: 15 கிலோ என்றால் ஒரே உருப்படி. எட்டு கிலோவில் ஒரு பெட்டி, ஏழு கிலோவில் ஒரு அட்டைப்பெட்டி என்று கொண்டுபோனால், மொத்த எடை சரியாக இருந்தாலும் இரண்டாவதற்குத் தனிக் கட்டணம். இரண்டையும் ஒரே பெரிய பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். எடை கூடினால் கவுன்ட்டரில் ஒவ்வொரு கிலோவுக்கும் அழ வேண்டியிருக்கும். அதே எடையை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் கணிசமாகக் குறையும். ஏர் இந்தியாவின் பட்ஜெட் கிளையான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் ‘லைட்’ கட்டணத்தில் செக்-இன் லக்கேஜே கிடையாது. கைப்பையோடு போய்வருபவருக்கு அது நல்ல விலை. கல்யாணச் சீர் கொண்டுபோகிறவர் அதைத் தெரியாமல் எடுத்துவிட்டால் மிச்சம் பிடித்ததற்கு மேல் கவுன்ட்டரில் கட்டுவார்.

எந்த நிறுவனமானாலும் செக்-இன் பெட்டியில் கொப்பரை வைக்காதீர்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த காய்ந்த கொப்பரை அடைசலில் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியை நிறுத்திவைத்துவிடுவார்கள். பவர் பேங்க் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இருக்கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரு தரப்பும் ஓட்டுவது அதே ஏர்பஸ் ஏ320நியோ ரக விமானம். இண்டிகோ அதில் 180 அல்லது 186 இருக்கை போடுகிறது. ஏர் இந்தியாவின் மூன்று வகுப்பு அமைப்பில் பிசினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132, ஆக 164. இந்தக் குறைவு பெரும்பாலும் முன்பக்க வகுப்புகளுக்குப் போகிறது. பின்னால் எகானமியில் முழங்காலுக்குக் கிடைக்கும் கூடுதல் இடம் கொஞ்சம்தான். உணரக்கூடிய வித்தியாசம் மெத்தையிலும் சாய்மானத்திலும் இருக்கிறது. இண்டிகோவின் பல விமானங்களில் இருக்கை மெலிசானது, சாயாது. ஒரு மணி நேரத்துக்கு அது பொருட்டே இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் இடுப்பு வலிக்காரர்களுக்குத் தெரியும். உயரமானவர்கள் அவசர வழி வரிசைக்குப் பணம் கட்டுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: ஏ320இல் அவசர வழி வரிசைகள் அடுத்தடுத்து இரண்டு. சாயும் இருக்கை கொண்ட விமானத்திலும் முன் வரிசை சாயாது, பின் வரிசை சாயும். இரண்டாவதை எடுங்கள்.

இணைய செக்-இன்னில் எல்லா இருக்கை மேலும் விலை போட்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எதையும் தேர்வு செய்யாமல் கடந்து போக வழி உண்டு. நடு இருக்கை ஏதாவது ஒன்று சும்மாவே கிடைக்கும். குழந்தையோடு போகிறவர்கள் பக்கத்து இருக்கைக்குப் பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். ஒரே பிஎன்ஆரில் பயணிக்கும் 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024இலேயே சொல்லிவிட்டது.

இவ்வளவும் நூறு, ஐந்நூறு ரூபாய்ச் சமாச்சாரம். ஆயிரங்கள் போவது வேறிடத்தில்: விமானம் தாமதமாகும்போதும் ரத்தாகும்போதும். நிறுவனத்தைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் பார்ப்பது, இது ரத்தானால் அதே நிறுவனத்தின் அடுத்த விமானம் எப்போது என்பதைத்தான். சென்னை–டெல்லியில் ஒரு நாளைக்குப் பல முறை பறக்கும் நிறுவனமென்றால் மூன்று மணி நேரத்தில் வேறொன்றில் ஏற்றிவிட முடியும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ ஓட்டும் நிறுவனத்தில் மறுநாள் காலைதான். இந்தக் கணக்கில் பெரும்பாலான உள்நாட்டுத் தடங்களில் இண்டிகோவுக்குத்தான் சாதகம். ஆனால் ஒரே நிறுவனத்தை நாடே நம்பியிருப்பதன் மறுபக்கத்தை 2025 டிசம்பர் முதல் வாரத்தில் பார்த்தோம். விமானிகளின் புதிய பணிநேர விதிக்கு ஏற்ப ஆள் போதாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கில் ரத்து செய்தபோது, அடுத்த விமானமும் சேர்ந்தே காணாமல் போனது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறி, கடைசியில் அரசே உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று. தவறவே கூடாத நேர்காணல், நிச்சயதார்த்தம் என்றால் முந்தைய நாளே போய்ச் சேருவதுதான் சரி, எந்த நிறுவனமானாலும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நேரத்தைத் தேர்வு செய்வது எளிது. பட்ஜெட் நிறுவனத்தின் லாபமே விமானம் தரையில் நிற்காமல் இருப்பதில்தான். இறங்கியதும் அரை மணி நேரத்துக்குள் பயணிகளை இறக்கி, குப்பை அள்ளி, எரிபொருள் ஏற்றி, அடுத்த கூட்டத்தை உட்கார வைத்துக் கிளப்பிவிடுவார்கள். ஒரே விமானம் ஒரு நாளில் ஐந்தாறு நடை போகும். காலை நடையில் இருபது நிமிடம் பிந்தினால் அதை ஈடுகட்ட இடைவெளியே கிடையாது. இரவு எட்டு மணி நடைக்குள் அது ஒன்றரை மணி நேரமாக வளர்ந்திருக்கும். ஆகவே பட்ஜெட் விமானத்தில் அன்றைய முதல் நடையைப் பிடியுங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லிக்கு மட்டும் இதைத் திருப்பிப் போட வேண்டும். விடியற்காலை மூடுபனி அங்கே எல்லாவற்றையும் முடக்கும்; முற்பகல் பதினொன்றுக்கு மேல் மாலை நான்குக்குள் இறங்குவதுபோல எடுங்கள். புறப்படும் அன்று, விமானங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, வரவேண்டிய விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று பாருங்கள். அது இன்னும் குவாஹாட்டியில் நின்றால், பலகையில் ‘சரியான நேரம்’ என்று இருந்தாலும் நம்ப வேண்டாம்.

டெல்லியில் விமானம் மாறுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. முனையம் 1, முனையம் 3 இரண்டும் நடந்து போகிற தூரத்தில் இல்லை. சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஒரே நிறுவனத்தின் விமானங்கள்கூட வெவ்வேறு முனையங்களுக்கு வருவதுண்டு. லடாக்கிலுள்ள லே ஊருக்குப் போகிறவர்கள் சென்னை–டெல்லியை ஒரு நிறுவனத்திலும் டெல்லி–லேயை இன்னொன்றிலும் தனித்தனியாக மலிவாக எடுத்தால், முதலாவது பிந்தி இரண்டாவது போய்விட்டால் பொறுப்பேற்க ஆளில்லை. பெட்டியையும் வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். லேக்குக் காற்று காரணமாக விமானங்கள் பெரும்பாலும் முற்பகலில்தான். தவறவிட்டால் அன்றைக்கு வேறு வழி கிடையாது. இரண்டையும் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். வெளிநாட்டுக்குத் தொடர்கிறவர்களுக்கு ஏர் இந்தியா உண்மையில் கூடுதல் விலைக்குத் தகுதியானது இங்கேதான். அது 2014 முதல் பல நாட்டு விமான நிறுவனங்களின் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் இருப்பதால், ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டிக்குச் சென்னையிலேயே கடைசி ஊர் வரைக்கும் டேக் போட்டுவிடுவார்கள்.

வயதானவர்களோடு போகும்போதும் நான் கூடுதல் பணம் கொடுப்பேன். பட்ஜெட் விமானங்களுக்குத் தூரத்து நிறுத்தம் அடிக்கடி வாய்க்கும்: பேருந்தில் நின்றபடி போய், வெயிலில் காத்து, சரிவுப் பாதையிலோ படியிலோ ஏற வேண்டும். எதில் போனாலும் சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் என்றால் இந்தத் தர்க்கமே வேறு. தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் போவது பெரும்பாலும் ஏடிஆர் என்ற சின்ன ப்ரொப்பெல்லர் விமானம். முழுச் சேவை என்று அங்கே தேர்வு செய்ய எதுவும் இல்லை. ஏடிஆரில் கதவு பின்பக்கம், அதனால் கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார். தலைக்கு மேல் பெட்டி அறை சிறியது; சக்கரம் வைத்த கேபின் பெட்டியை ஏணியடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் மருந்தையும் லேப்டாப்பையும் தனிப் பையில் வையுங்கள். கோவைக்கு வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் போகிறது. வீட்டிலிருந்து மீனம்பாக்கம், இரண்டு மணி நேரம் முன்னதாக, ஒரு மணி நேரப் பறப்பு, பெட்டிக்குக் காத்திருப்பு என்று கூட்டினால் விமானத்துக்கும் நாலரை மணி நேரம் ஆகிவிடும்.

கடைசியாக, டிஜிசிஏ விதி பட்ஜெட் டிக்கெட்டுக்கும் முழுச் சேவைக்கும் ஒன்றுதான் என்பதை மனதில் வையுங்கள். இரண்டரை மணி நேரம் வரையிலான தடத்தில் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். டெல்லி போல அதற்கு மேற்பட்ட தடத்தில் மூன்று மணி நேரம். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்று உங்களை ஏற்றாமல் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் வேறொன்றும் தராமல், 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப்போல் இரு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேல் பிந்தினால் நான்கு மடங்கு, 20,000 வரை. நீங்களே ரத்து செய்தாலும், ‘பணம் திரும்பாது’ என்று எழுதிய டிக்கெட்டாக இருந்தாலும், அதிலுள்ள விமான நிலையக் கட்டணமும் வரியும் உங்களுக்கு வர வேண்டும். கவுன்ட்டரில் ‘கிரெடிட் ஷெல்’ (பணத்தை அடுத்த டிக்கெட்டுக்காக நிறுவனத்திடமே வைப்பது) என்று சொன்னால், வேண்டாம், கட்டிய கணக்குக்கே திருப்புங்கள் என்று கேளுங்கள். ரத்தான குறுஞ்செய்தி, போர்டிங் பாஸ், தாமதம் காட்டும் பலகை மூன்றையும் படமெடுத்து வைத்து, நிறுவனம் பதில் தராவிட்டால் அவற்றோடு அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதியுங்கள்.