மார்கழியில் வியர்வை

காசிமேட்டில் விடிகாலைப் பனி. சங்கரா மீனை எடைபோட்ட அக்கா, ஒரு கை ஐஸை அள்ளிப் பிடரியில் வைத்துக்கொண்டார்.

"திடீர்னு மூஞ்சியெல்லாம் எரியுது கண்ணு. நைட்ல தூக்கமே இல்ல. பிரஷரா இருக்குமா?"

வயது 46. மாதவிடாய் இரண்டு மாதம் வராதாம், வந்தால் கொட்டித் தீர்க்குமாம்.

பிரஷரும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்கும். இந்தச் சூடு, எரிச்சல், மூட்டுவலி எல்லாம் அதனாலும் வரும். வீட்டில் இதற்கு வைக்கிற பேர், 'அம்மாவுக்குக் கோவம் ஜாஸ்தி'.

12 மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னேன். சாயங்கால டீயைக் குறைக்கவும் சொன்னேன். முறைத்தார்.

"மாத்திர கீதா?"

ஹார்மோன் மாத்திரை உண்டு, எல்லோருக்கும் ஒத்துவராது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன்.