ஹேர்பின்னுக்கு எட்டாத உண்டியல்

எங்கள் வீட்டு மண் உண்டியலின் வாயோரம் மெல்லிய கீறல்கள் இருக்கும். என் ஹேர்பின் போட்டவை. சிலிண்டர் கொண்டு வருபவர் வாசலில் நிற்கும்போது கையில் நோட்டு குறைந்தால், நானோ வீட்டுக்காரரோ உண்டியலைக் கவிழ்த்துப் பிடித்து, ஹேர்பின்னை விட்டு இரண்டு மூன்று தாளை உருவிக்கொள்வோம். சம்பளம் வந்ததும் போட்டுவிடலாம் என்பது எண்ணம். பாதி தடவை போட்டோம்.

மகன் ஐந்தாம் வகுப்பு முடித்த சமயம், 2025 மே மாதம், உண்டியலின் வயிற்றில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. “அப்பா 200. அம்மா 100. அம்மா 50. அப்பா 100.” பக்கத்தில் தேதிகள். நாங்கள் திருடுவதை எங்கிருந்து பார்த்தான் என்று இன்றுவரை தெரியாது. கோபமாகக்கூட எதுவும் சொல்லவில்லை. “நீங்க எடுக்க முடியாத இடம் ஏதாவது இருக்காம்மா?” என்று மட்டும் கேட்டான். ஒரு நாள் முழுக்க அந்தக் கேள்வி தொண்டையில் நின்றது.

கடனை அடைத்துவிட்டுத்தான் உண்டியலை உடைத்தோம். கூடத்தில் செய்தித்தாள் விரித்து, தேங்காய் உடைப்பதுபோல ஒரே போடு. 2,715 ரூபாய். அதில் 64 பத்து ரூபாய் நாணயங்கள். காரணம் எளிது: எங்கள் பக்கத்துக் கடைகளில் பத்து ரூபாய் காயினை நீட்டினால் “செல்லாதும்மா, நோட்டு குடுங்க” என்பார்கள். அதனால் கைக்கு வந்ததெல்லாம் உண்டியலுக்குப் போயிற்று. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாக அறிவித்துவிட்டது. பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் யார் போய்ச் சொல்வது?

வங்கியிலும் தொடங்கியிருக்கலாம். பத்து வயதான பிள்ளைகள் தாங்களே கணக்குத் தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று அந்த ஏப்ரலில்தான் ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. ஆனால் தபால் ஆபீஸ் நடக்கிற தூரம். அங்கே பத்து வயதுக்கு மேல் என்றால் பிள்ளை பெயரிலேயே சேமிப்புக் கணக்கு, பிள்ளையின் கையெழுத்திலேயே வரவு செலவு. பத்துக்குக் கீழ் என்றால் காப்பாளர் கையெழுத்து. அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் போனோம். தொடங்க 500 ரூபாய் போதும்.

முதல் தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஆங்கில எழுத்துக்கோவை ஒன்று, ஆதாரில் ஒரு ‘எச்’ கூடுதல். சேவை மையத்துக்குப் போய்த் திருத்தி, புது ஆதார் வர ஜூன் பிறந்துவிட்டது. கணக்குத் தொடங்க நினைப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்; எனக்கு இரண்டு நடை மிச்சமாகியிருக்கும். இவை தவிர பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள். என் ஆதாரையும் கேட்டார்கள்.

அந்த இடைவெளியில் பையன் கையெழுத்துப் பழகினான். முதலில் தமிழில் முழுப் பெயர். பிறகு அப்பாவைப் போல ஒரு சுழி. பிறகு கிரிக்கெட் வீரர் ஆட்டோகிராஃப் போடுகிற மாதிரி ஒரு கிறுக்கல். கடைசியில் நான்தான் சொன்னேன்: “எத்தனை தடவை போட்டாலும் ஒரே மாதிரி வரணும். இல்லேன்னா உன் காசை உனக்கே தரமாட்டாங்க.” தமிழ் முழுப் பெயருக்கே திரும்பினான்.

கவுண்ட்டரில் இருந்த அம்மா கறாரானவர் என்று கேள்வி. நாணயங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. பையன் பத்துப் பத்தாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கையும் தாளில் சுற்றி, மேலே 100 என்று எழுதிக் கொண்டு போயிருந்தான். நான்கு மட்டும் மிச்சம், பாலித்தீன் பையில். அவர் ஒரு சுருளைப் பிரித்து எண்ணினார், மற்றதைக் கண்ணால் அளந்து உள்ளே வைத்துக்கொண்டார். அப்போது இவன் கேட்டான்: “மேடம், இதை எங்கம்மா வந்து எடுக்க முடியுமா?”

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

“உன் கையெழுத்து இல்லாம முடியாது தம்பி.”

“அப்பா?”

“அப்பாவும்தான்.”

அடுத்த கேள்விக்குத்தான் அவரும் கொஞ்சம் திணறினார். கணக்கில் எப்போதும் 500 இருக்க வேண்டும், அதற்குக் கீழே எடுக்க முடியாது என்றார். “அப்போ அந்த ஐந்நூறு என் காசு இல்லையா?” என்றான். “உன் காசுதான், ஆனா கணக்கு உயிரோட இருக்கறதுக்கு” என்றார். பரவாயில்லை, என்னைவிட நன்றாகவே சொன்னார்.

வட்டி அவனுக்குப் பெரிய ஏமாற்றம். ஆண்டுக்கு 4 சதவீதம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டான்: 2,000 ரூபாயை வருடம் முழுக்கத் தொடாமல் வைத்தால் 80 ரூபாய். “நாலு பரோட்டா” என்றான் கசப்போடு. அதிலும் மாதத்தின் பத்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. இருபதாம் தேதி கொண்டுபோய்ப் போட்டால் அந்த மாதத்துக்கு அதற்கு ஒன்றும் கிடையாது. இதை நானே நாற்பது வயதில் அவனோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டேன். அவன் அதைப் பாஸ்புக்கின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி வைத்தான்.

அதே வாரம், ஜூன் 12 அன்று, ஓர் ஆர்.டி.யும் (தொடர் வைப்பு) போட்டோம். மாதம் 100, ஐந்து வருடம். அப்போது வட்டி 6.7 சதவீதம், கட்டுவது 6,000, முதிர்வில் 7,136 ரூபாய் சொச்சம். இதில் முகம் மலர்ந்தது. நூறு ரூபாய் எங்கிருந்து வரும்? அதற்கு முன்பு கேட்கும்போதெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது வாரம் 50, ஞாயிறு காலை, நோட்டாக. ஃபோனில் அனுப்புவதில்லை. காரணம் சின்னவள். “காசு இல்லடி” என்றால் “ஸ்கேன் பண்ணுங்கம்மா, வரும்” என்பாள் அவள். காசைக் கண்ணால் பார்க்காமலே வளர்கிறார்கள்.

மாதத்தின் முதல் பாதியில் தொடங்கிய ஆர்.டி. என்பதால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். செப்டம்பரில் நான் மறந்தேன். நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம். அந்த ஒரு ரூபாயை என்னிடமிருந்து அவன் வாங்கிய விதம் இருக்கிறதே, வட்டிக்கடைக்காரர் தோற்றார். கொடுத்த பிறகும் தாளில் எழுதி எங்கள் இருவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

சின்னவளுக்கு ஏழு வயது. அவள் பிறந்த வருடமே தாத்தா அவளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கியிருந்தார், தன்னையே காப்பாளராகப் போட்டு. தாத்தா பாட்டி தொடங்கியவற்றைப் பெற்றோர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் விதி வந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. பையன் கணக்குக்காகப் போனபோது அந்தக் கவுண்ட்டர் அம்மாதான் சொன்னார். தாத்தாவை ஆட்டோவில் கூட்டிப் போய், பாஸ்புக், பிறப்புச் சான்றிதழ், இருவர் அடையாளச் சான்று எல்லாம் கொடுத்து மாற்றினோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “பணம் மட்டும் நான்தான் கட்டுவேன்” என்று சொல்லிவிட்டார். கட்டுகிறார்.

பள்ளி நாட்களில் தபால் ஆபீஸ் நேரத்துக்கு அவனால் வர முடியாது, சனிக்கிழமைதான் வழி. ஒருமுறை படிவம் நிரப்பி 700 ரூபாய் எடுத்து, மீன் தொட்டி வாங்கினான். மோட்டார் பத்து நாளில் நின்றது, மீன்களும் போயின. வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். “நான் அப்பவே சொன்னேனே” என்று சொல்லாமல் இருப்பதுதான் இந்த மொத்த விஷயத்திலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தொட்டி இப்போது மாடியில், அதில் பசலைக்கீரை.

போன மாதம் மறுபடி அதே காட்சி. 26-ஆம் தேதி, சிலிண்டர்காரர் வாசலில், ஃபோனில் பணம் போக மறுக்கிறது, கையில் ஐந்நூறு குறைகிறது. பக்கத்து வீட்டில் வாங்கிச் சமாளித்தோம். மாலையில் வீட்டுக்காரர் கொஞ்சம் கூச்சத்தோடு மகனிடம் கேட்டார்: “டேய், உன் கணக்குலேர்ந்து ஒரு ஐந்நூறு தர்றியா? அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடலாம்.”

பாஸ்புக்கை எடுத்து வந்தான். பின்னட்டையைப் பார்த்தான், சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தான்.

“இப்ப எடுத்தா இந்த மாச வட்டி குறையும்ப்பா. ஒண்ணாம் தேதிக்கு மேல எடுத்துத் தர்றேன். பத்தாம் தேதிக்குள்ள திருப்பிக் கட்டிடணும். எனக்கு நஷ்டம் வராது.”

ஐந்நூறுக்கு ஒரு மாத வட்டி ஒன்றேமுக்கால் ரூபாய்கூட வராது. வீட்டுக்காரர் அதைச் சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணைக் காட்டினேன். தாளையும் பேனாவையும் அவன் ஏற்கெனவே அவர் முன்னால் வைத்திருந்தான்.