ஏற்காட்டு ஈரத்துக்குத் தாங்கும் அம்பறாத்தூணிப் பை

சேலத்தில் தைத்த தோல்பை சேலத்திலேயே இருந்தால் பெரிய தொல்லை தராது. அதையே இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி ஏற்காட்டுக்குக் கொண்டுபோய், ஐப்பசி மழையில் ஒரு வாரம் சுவரில் மாட்டி வைத்தால் கதை வேறு. தையலோரம் பூஞ்சணம் பூக்கும். ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். பெல்ட் கோக்கும் தோல் வளையம் ஊறிப் பெருத்து அதற்குள் பெல்ட் நகராது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் மூடுபனியில் திரியும் பையைத் தேய்மானம் கெடுப்பதைவிட ஈரம்தான் அதிகம் கெடுக்கும். அதனால் தோல் வாங்குவது தொடங்கி எண்ணெய் பூசுவது வரை ஈரத்தை மனதில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

நாம் செய்யப்போவது அம்பறாத்தூணி, அதாவது இடுப்பு பெல்ட்டில் மாட்டும் அம்புப் பை. ஆறு அம்பு நிற்க ஒரு கூடு, அதன் முகத்தில் விரலுறை, கைக்காப்பு, நாண் மெழுகு, ஆலன் சாவி (அறுகோணத் திருகுச் சாவி) வைக்க மூடியுள்ள ஒரு சின்னப் பை.

தோலில் முதல் கேள்வி, எதில் பதனிட்டது என்பது. கடுக்காய், ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை போன்றவற்றில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும், நனைத்து அழுத்தினால் கொடுத்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரோடு, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் இன்றும் கிடைக்கிறது. குரோம் (குரோமியம் உப்பில்) பதனிட்ட தோல் தண்ணீரை இதைவிட நன்றாகத் தாங்கும், உண்மை. ஆனால் தொளதொளவென்று தொங்கும், அம்பை எடுக்கும்போது கூட்டின் வாய் மூடிக்கொள்ளும். என் தீர்ப்பு இது: கூட்டின் முன், பின் பலகைகளுக்கு (தட்டையான தோல் துண்டுகளுக்கு) முதலில் சொன்ன பட்டைத் தோல், அவற்றை இணைத்து வளைந்து போகும் பக்கப் பட்டைக்கு மட்டும் குரோம் தோல். அடையாளம் காண ஓரத்தை வெட்டிப் பாருங்கள். உள்வரை பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல், நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம். சாயம் ஊறிய தோலில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதால் சாயம் போடாததையே கேளுங்கள்.

பலகைக்கு 2.5 முதல் 3 மி.மீ. கனம், பக்கப் பட்டைக்கு 1.6 மி.மீ. பெல்ட் வளையத்தை முதுகுப் பக்கத் தோலில், முதுகெலும்புக் கோட்டுக்கு இணையாக வெட்ட வேண்டும். வயிற்றுப் பக்கத் தோல் எடை தாங்காமல் நீண்டுபோகும்.  எல்லாவற்றுக்கும் சேர்த்து, கழிவையும் கணக்கில் வைத்து 5 சதுர அடி வாங்குங்கள்.

அளவுகளுக்கு வருவோம். 74 செ.மீ. அம்புக்குக் கூட்டின் ஆழம் 50 செ.மீ. வெளியே 24 செ.மீ. நிற்கும். அதில் இறகும் வால் நுனியும் 12, 13 செ.மீ. எடுத்துக்கொண்டாலும் கை பிடிக்க இடம் மிச்சம். ஆழத்தைக் கூட்டினால் வாயில் உரசி இறகு மடியும். குறைத்தால் சரிவில் குனியும்போது அம்பு சரிந்து விழும். முன் பலகை 50 செ.மீ. நீளம், வாயில் 11 செ.மீ. அகலம், அடியில் 8. பின் பலகையை வளையம் பொருத்துவதற்காக 60 செ.மீ. ஆக வெட்டுங்கள். அடி மூலைகளை 3 செ.மீ. ஆரத்தில் உருட்டிவிடுங்கள். கூர்மையான மூலையில் பக்கப் பட்டை சுருங்கி மடிப்பு விழும். பக்கப் பட்டை 115 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். இரண்டு ஓரத்திலும் 1 செ.மீ. வெளிப்பக்கம் மடிக்க, நடுவில் 5 செ.மீ. நிற்கும்.

அதிகம் கெட்டுப்போகும் இடம் தையல். ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளிக் கோடு, துளைக்குத் துளை 4 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 216 செ.மீ., அதாவது 540 துளை. பலகையையும் பட்டையையும் தனித்தனியாகக் குத்திவிட்டு ஒரு நுனியிலிருந்து தைத்துக்கொண்டு போனால், வளைவில் எண்ணிக்கை தப்பி, முடிவில் பட்டை கோணிக்கொண்டு நிற்கும். அடி நடுவில் இரண்டுக்கும் குறி வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் மேலே ஏறுங்கள். மிஞ்சும் பட்டையைத் தைத்து முடித்த பிறகே நறுக்க வேண்டும். ஒரே நூலின் இரு முனையிலும் மழுங்கிய ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். இப்படித் தைத்தால் ஒரு கண்ணி அறுந்தாலும் வரிசை பிரியாது. மெஷின் தையலில் இந்த உறுதி கிடைக்காது. நூல், தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு. ஒரே தடவையில் 2 மீட்டருக்கு மேல் வெட்டினால் இழுத்து இழுத்து மெழுகு உரிந்துபோகும். மெழுகிட்ட 0.8 மி.மீ. பாலியெஸ்டர் நூல் போதும். பருத்தி நூல் அந்த ஈரத்தில் இற்றுவிடும்.

அடியில் அம்பு முனை இறங்கி இறங்கித் தோலைத் துளைக்கும். ஹவாய் செருப்பு ரப்பரை அடியின் வடிவத்துக்கு வெட்டி உள்ளே இறக்குங்கள். தண்ணீர் வடிய ரப்பரிலும் தோலிலும் நேர்க்கோட்டில் இரண்டு 5 மி.மீ. துளை வேண்டும். இதை விட்டுவிட்டால் மழைநீர் தேங்கி அடித் தையல் முதலில் போகும்.

பக்கிள், ரிவெட் விஷயத்தில் கறாராக இருங்கள். பட்டைத் தோலில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் கலந்து மை செய்தது இதே வேதிவினையால்தான். பித்தளை என்று விற்கும் பக்கிள் பல, முலாம் பூசிய இரும்பு. கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள், ஒட்டினால் வேண்டாம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் மூன்றும் நல்லவை. நனைத்து வடிவம் பிடிக்கும்போது இரும்பு ஆணி அடிக்கக் கூடாது. கறை புதிதாக இருந்தால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் மங்கும். நனைத்த தோலை நிழலில்தான் காய வைக்க வேண்டும். மேட்டூர் ரோட்டு மத்தியான வெயிலில் வைத்தால் சுருங்கி விறைத்துவிடும்.

பெல்ட் வளையங்களைச் சாய்வாகப் பொருத்தி, அம்பின் வால் பின்னோக்கிப் போகும்படி செய்யுங்கள். காப்பிச் செடிகளுக்கு இடையே நடக்கும்போது முன்னால் நீட்டிய அம்பு கிளையில் மாட்டும். வளையம் பெல்ட்டைவிட 4 மி.மீ. தாராளமாக இருந்தால் ஊறினாலும் நகரும். (எஸ்டேட் நிலத்திலோ பயிற்சித் திடலிலோ எய்யுங்கள். அனுமதியில்லாமல் ரிசர்வ் காட்டுக்குள் வில்லோடு போகாதீர்கள். 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம்.)

கடைசியாகப் பூச்சு. தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு, எடைக் கணக்கில். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, வெதுவெதுப்பாக, மெல்லிசாகத் தேயுங்கள். அள்ளிப் பூசினால் தோல் விறைப்பை இழக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறைந்து தோல்மேல் வெள்ளையாகப் படியும், பார்க்கப் பூஞ்சணம் மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டுங்கள். கொழுப்பு என்றால் உருகி மறையும். மறையாவிட்டால் பூஞ்சணம்: வெளியே எடுத்துப்போய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் மட்டும் போட்டு மூடாதீர்கள், பருத்தித் துணிப் பை போதும்.