கோயிலுக்கு அடியிலும் வெள்ளை மண்ணா?

"தம்பி, இந்த வெள்ளை மண்ணு கோயிலுக்கு அடியிலயும் போகுதா?" தோட்டத்துப் பழைய மண்டோர் (கங்காணி) ஐயா கேட்டது அவ்வளவுதான். "துளை போட்டுப் பாத்தாத்தான் ஐயா தெரியும்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கம் போனாலே அந்தப் பதில் உறுத்துகிறது.

மண்ணையும் பாறையையும் ஆராயும் எங்கள் தொழிலில் அப்படித்தான் பேச வேண்டும். தாப்பா, பீடோர் வட்டாரத்து வெள்ளை மண், அதாவது கயோலின், தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட்டிலிருந்து வந்தது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பாறை. மழையும் வெக்கையும் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை அரிக்க, பொட்டாசியமும் சோடியமும் கரைந்துபோய், மிஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் நீரோடு சேர்ந்து கயோலினைட் என்ற களிமண் கனிமமாகிவிடும். குவார்ட்ஸ் என்ற கெட்டிக் கனிமம் மட்டும் அசையாமல் குருணையாக நிற்கும். ஈர மண்ணை விரலிடுக்கில் தேய்த்தால் மாவு வழுக்கும், குருணை நெருடும். குருணையின் முனை மழுங்காமல் இருந்தால் மண் அங்கேயே பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆழம் சீராக இருக்காது. பாறை வெடிப்பு உள்ள இடத்தில் நீர் இறங்கி அடிவரை வெளுத்திருக்கும். கொஞ்சம் தள்ளினால் கல் தட்டும். இரும்பு ஏறிய இடம் மஞ்சளித்துக் கிடக்கும், காகிதத்துக்கும் பீங்கானுக்கும் ஆகாது. ஆக, துளைக்காமல் சொல்லக்கூடாது. சரி.

கோயில் வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் போட்ட துளையில் வெள்ளை விடாமல் இறங்கியது எனக்குத் தெரியும். வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியும். கம்பெனி விவரத்தை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதோடு, மண் இருக்கிறது என்பதற்காக யாரும் உடனே தோண்டிவிட முடியாது. நிலமும் கனிமமும் மாநில அரசின் கையில், அனுமதி வேண்டும். இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதே, தோட்டக் கோயில்கள் பலவற்றுக்கு நிலப் பட்டாவே கிடையாது என்பதும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

ஐயா கேட்டது மண்ணைப் பற்றித்தானா என்பதே சந்தேகம். ரப்பர் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டதைப் பார்த்தவர். அப்புறம் தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானதையும் பார்த்தவர். திருப்பணியைத் தொடங்கலாமா என்றுதான் கேட்டிருப்பார். "அப்ப சரி தம்பி" என்று எழுந்துபோனார். எதைச் சரி என்றார்?

பிறகு திருப்பணி வசூல் ரசீதுப் புத்தகம் என் மேசைக்கே வந்தது. ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) எழுதினேன். கூட எழுதியிருந்தால் அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ.